கண்ணில் தேங்கும் மஞ்சள்

மாம்பழக் காலத்தில் பேரனின் உள்ளங்கையைப் பார்த்து "காமாலையா இருக்குமோ" என்று பதறும் சேலத்துப் பாட்டிகள் கையை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்க்கலாம். மாம்பழம், பப்பாளி, கேரட் எல்லாம் அளவுக்கு மீறிப் போனால் தோல் மஞ்சளிக்கும். விழியின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். காமாலை என்றால் அந்த வெள்ளையில்தான் முதலில் தெரியும்.

அந்த மஞ்சளுக்குப் பெயர் பிலிரூபின். இரத்தச் சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். கிழடானதை மண்ணீரல் உடைக்கும்போது, இரும்பை எடுத்து வைத்துக்கொண்டது போக மிஞ்சும் கழிவு இது. தண்ணீரில் கரையாது. கல்லீரல்தான் கரையும்படி மாற்றிப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. மலத்தின் பழுப்பு நிறமே இதிலிருந்து வந்ததுதான். இரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது 2, 3 என்று ஏறினால் கண் மஞ்சளாகிறது.

எங்கே தேங்கியது என்பதுதான் கேள்வி. மலம் சுண்ணாம்பு போல வெளுத்து, சிறுநீர் கறுத்து, உடம்பெல்லாம் அரித்தால் பித்தநாளத்தில் அடைப்பு என்று சந்தேகிக்க வேண்டும். கல் அடைத்திருந்தால் எந்தப் பச்சிலையும் அதை நகர்த்தாது.

சரி, கீழாநெல்லி? ஏற்காடு அடிவாரத்தில் வரப்போரமெல்லாம் முளைத்துக் கிடக்கிறது. மோரில் கலக்கிக் குடித்துத் தெளிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. ஆனால் அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் (வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி) ஏ, ஈ வகை இரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்குபவை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கர்ப்பிணிக்கு ஈ வகை வந்தால் உயிருக்கே ஆபத்து. அங்கே பச்சிலையை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. இரத்தத்தால் பரவும் பி வகைக்குப் பிறந்தவுடன் போடும் தடுப்பூசி இருக்கிறது; சி வகையை இப்போது மாத்திரையாலேயே குணமாக்கலாம்.

பச்சைக் குழந்தையின் கதை வேறு. அதன் சிவப்பணு சீக்கிரம் உடையும், கல்லீரலோ இன்னும் வேலை பழகவில்லை. நீல விளக்கின் கீழ் படுக்கவைத்தால், ஒளி பட்டுப் பிலிரூபின் மூலக்கூறு வடிவம் மாறி, கல்லீரல் அதைக் கரையும்படி மாற்றித் தரும்வரை காத்திராமலே வெளியேறிவிடுகிறது. எனக்கு இது இன்னும் வியப்புதான்! இளவெயிலில் காட்டினால் போதாதா என்பார்கள். வெயிலிலும் அந்த நீலம் உண்டு. அளவுதான் நம் கையில் இல்லை, ஏற்காட்டு மூடுபனியில் குழந்தைக்குக் குளிரும் வேறு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் பனி விலகட்டும் என்று பார்க்க நேரமில்லை. 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கியாவது டாக்டரிடம் போய்விட வேண்டும்.