ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

ஒரு விளையாட்டு அணியோடோ புதுப் படத்தோடோ தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ள விரும்பும் நிறுவனத்தார் என்னிடம் முதலில் கேட்பது, "லோகோ எங்கே வரும்?" என்றுதான். ஜெர்சியின் நெஞ்சிலா, கையிலா, எல்லைக்கோட்டுப் பலகையிலா, போஸ்டரின் அடியிலா என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். அந்த லோகோவை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் அமைதிதான். கையிலிருந்த பணம் முழுவதையும் உரிமைக் கட்டணத்துக்கே ஒதுக்கியிருப்பார்கள்.

ஸ்பான்சர்ஷிப்பில் நீங்கள் வாங்குவது ஓர் அனுமதி மட்டும். காலி மனை வாங்கியது போலத்தான். வீடு கட்டத் தனியாகப் பணம் வேண்டும். கட்டும் அந்த வேலையைத் துறையில் 'ஆக்டிவேஷன்' என்கிறோம். ரசிகர்களுக்கான போட்டி, கடைகளில் சிறப்புப் பேக்கிங், வீரர்களோடு சந்திப்பு, சமூக ஊடகத் தொடர் எல்லாமே அதில் அடக்கம். இதற்குப் பணம் ஒதுக்க முடியாதென்றால் சிறிய உரிமையாக வாங்குங்கள் என்பேன். பெரிய உரிமையை வாங்கிச் சும்மா வைத்திருப்பதைவிட அது மேல்.

1982-இல் வெளிவந்த 'ஈ.டி.' படத்தை இதற்கு நல்ல உதாரணமாகச் சொல்லலாம். வேற்றுலகவாசியை ஈர்க்க ஒரு மிட்டாய் தேவைப்பட்டது. மார்ஸ் நிறுவனம் தன் எம் அண்ட் எம்ஸைத் தர மறுத்தது. ஹெர்ஷி தன் ரீஸஸ் பீஸஸைத் தர ஒப்புக்கொண்டது. பலரும் இங்கேயே கதையை முடித்து, "படத்தில் பொருளைக் காட்டினால் விற்கும்" என்று பாடம் சொல்வார்கள். ஆனால் காட்சியில் இடம்பெற ஹெர்ஷி கட்டணம் எதுவும் தரவில்லை. தன் விளம்பரங்களில் படத்தை முன்னிறுத்த 10 லட்சம் டாலர் செலவிடுவதாகத்தான் ஒப்புக்கொண்டது. பணம் போனது இடத்துக்கல்ல, அந்த இடத்தைப் பற்றி ஊருக்குச் சொல்வதற்கு.

நீங்கள் சும்மா இருந்தால் அந்த இடத்தைப் பிடிக்க வேறொருவர் காத்திருப்பார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் அதிகாரபூர்வ கேமரா ஃபிலிம் நிறுவனம் ஃபியூஜி. அதன் போட்டியாளர் கோடக் என்ன செய்தது? தொலைக்காட்சி ஒளிபரப்புக்கும் அமெரிக்கத் தடகள அணிக்கும் ஸ்பான்சர் ஆனது. 1996 கிரிக்கெட் உலகக் கோப்பையில் அதிகாரபூர்வ பானம் கோகோ கோலா. "இதில் அதிகாரபூர்வமாக எதுவுமில்லை" என்ற தொனியில் விளம்பரம் செய்து பேச வைத்தது பெப்சி. உரிமை வாங்காமலே நிகழ்ச்சியின் கவனத்தைத் தன் பக்கம் இழுக்கும் 'ஆம்புஷ் மார்க்கெட்டிங்' என்பது இதுதான். 2010 கால்பந்து உலகக் கோப்பையில் பவேரியா பீரின் விளம்பரமாக, ஆரஞ்சு உடை அணிந்த இளம்பெண்கள் கூட்டமாக வந்து அமர்ந்ததும் ஃபிஃபா அவர்களை வெளியேற்றியது. அதன் பிறகுதான் உலகமே அந்தப் பெயரைக் கேட்டது.

அதனால் ஒப்பந்தத்தில் 'பிரத்தியேக உரிமை' என்று ஒரு வரி இருப்பது போதாது. அது எந்தப் பொருள் வகைக்கு, எந்த நாடுகளுக்கு, எத்தனை நாளுக்கு என்று எழுதியிருக்க வேண்டும். குளிர்பானம் என்ற வகைக்குள் பழச்சாறும் தண்ணீர் பாட்டிலும் வருமா? ஒளிபரப்பாளர் உங்கள் போட்டியாளருக்கு விளம்பர இடைவேளையை விற்கலாமா? அணிக்குக் கட்டுப்படாத தனி ஒப்பந்தம் வீரருக்கு இருக்கிறதா? இந்தக் கேள்விகளைக் கேட்டால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் நெளிவார். நெளியட்டும்.

விற்கும் பக்கத்துக்கும், அதாவது அணிக்கும் படத் தயாரிப்பாளருக்கும், ஒரு வார்த்தை. சோப்பு இன்றைக்கு எப்படியோ நாளைக்கும் அப்படித்தான் இருக்கும். ஆட்டமும் படமும் அப்படியல்ல. முடிவு யார் கையிலும் இல்லை. "இந்த முறை கோப்பை நமக்கே" என்று விளம்பரம் செய்து தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றால், ஐந்தாவது ஆட்டத்துக்கு எதைச் சொல்லி டிக்கெட் விற்பீர்கள்? இருக்கை, ஒலி, வரிசை நகரும் வேகம், குழந்தைகளோடு வருபவர்களுக்கான வசதி எல்லாம் உங்கள் கையில் இருப்பவை. அவற்றை வாக்குறுதியாகக் கொடுங்கள். ஆட்டம் தொடங்கிய பின் காலியாக இருக்கும் இருக்கையை அடுத்த நாள் விற்க முடியாது என்பதால்தான், தேவைக்கேற்ப டிக்கெட் விலையை மாற்றும் முறை வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணி 2009-இல் சில இருக்கைகளில் சோதித்துப் பார்த்து, அடுத்த ஆண்டு மைதானம் முழுக்க விரிவாக்கியது. நல்ல முறைதான். ஆனால் சீசன் முழுமைக்கும் முன்பணம் கட்டிய ரசிகரைவிடக் கடைசி நேரத்தில் வந்தவருக்கு மலிவாகக் கிடைத்தால், அடுத்த ஆண்டு யாரும் முன்பணம் கட்ட மாட்டார்கள்.

தொடர் முடிந்ததும் உங்களுக்கு ஓர் அறிக்கை வரும். 'மீடியா மதிப்பு' என்று அதில் ஒரு பெரிய தொகை இருக்கும். லோகோ திரையில் தெரிந்த நொடிகளை எண்ணி, அதே நேரத்துக்கு விளம்பரம் போட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று கணக்கிடுவார்கள். மூலையில் மங்கலாகத் தெரிந்த லோகோவுக்கும் முழு விளம்பரத்துக்கும் ஒரே விலையா என்று கேளுங்கள். அந்தத் தொகை உங்கள் கல்லாவில் விழுந்த பணமல்ல. தொடருக்கு முன்பும் பின்பும் உங்கள் பெயரை எத்தனை பேர் தாமாகச் சொல்கிறார்கள், எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று நீங்களே அளந்து பார்ப்பதே எனக்கு நம்பிக்கை தரும் வழி. அதற்கு, தொடர் தொடங்கும் முன்பே முதல் அளவை எடுத்திருக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

நட்சத்திரத்தை விளம்பரத் தூதராக்குபவர்கள், அவர் பெயர் கெட்டால் என்ன செய்யலாம் என்று சொல்லும் நடத்தை விதியை வழக்கறிஞரோடு உட்கார்ந்து படியுங்கள். 2009 இறுதியில் கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸின் சொந்த வாழ்க்கை செய்தியானபோது, அவருடைய ஸ்பான்சர்களில் ஆலோசனை நிறுவனமான அக்சென்ச்சர் விலகியது, நைக் தொடர்ந்தது. இரண்டு முடிவுகளும் புரிந்துகொள்ளக்கூடியவையே. ஆலோசனை நிறுவனம் விற்பது நம்பிக்கையை. நைக் விற்றது கோல்ஃப் உடையையும் கருவிகளையும். உங்கள் தொழில் எந்த ரகம் என்று முன்கூட்டியே யோசித்து, விலகும் உரிமையையும் திரும்ப வரவேண்டிய பணத்தையும் எழுதி வையுங்கள்.

நிகழ்ச்சி தள்ளிப்போனால் என்ன என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். டோக்கியோ 2020 ஒலிம்பிக் 2021-இல்தான் நடந்தது, அதுவும் பெரும்பாலான அரங்குகளில் பார்வையாளர்களே இல்லாமல். ஸ்பான்சர்கள் ஒப்பந்தங்களை நீட்டிக்க வேண்டியிருந்தது; விருந்தினர்களை அழைத்துச் செல்லும் திட்டங்கள் பயனற்றுப் போயின. தேதி மாறினால் கட்டணம் மாறுமா, அரங்கம் மூடப்பட்டால் ஈடாக என்ன கிடைக்கும், அடுத்த முறை முதல் வாய்ப்பு உங்களுக்கா என்ற மூன்றுக்கும் பதில் எழுத்தில் வரும்வரை முன்பணம் அனுப்ப வேண்டாம்.