சனி பெயரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்

“இன்னும் ரெண்டு மாசம்தான் டாக்டர். பெயர்ச்சி ஆகட்டும், அப்புறம் மாத்திரை ஆரம்பிக்கலாம்னு வீட்ல சொல்றாங்க.”

மனநல மருத்துவம் பார்க்கிற எங்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது. இதைச் சொல்பவர் பெரும்பாலும் பல மாதங்களாக விடிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்பவர். எடை இறங்கியிருக்கும். லீவு தீர்ந்திருக்கும். பிடித்த சாப்பாடு, பேரக்குழந்தையின் சிரிப்பு எதுவும் உள்ளே இறங்காது. இரண்டு வாரம் தொடர்ந்து இப்படி இருந்தாலே மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. வருகிறவர்களோ சனிப்பெயர்ச்சியின் இரண்டரை வருடக் கணக்கோடு வருகிறார்கள். இந்தக் காத்திருப்பில் வேலையை இழந்தவர்களையும், கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்களையும் பார்த்துப் பார்த்து மனம் கனத்துவிட்டது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஜோதிடத்தை நம்புவதா வேண்டாமா என்று சொல்ல நான் வரவில்லை. கோயிலுக்குப் போங்கள், எள் தீபம் ஏற்றுங்கள், காகத்துக்குச் சோறு வையுங்கள். மனம் சாந்தப்படுமென்றால் அதைக் கெடுக்க எனக்கு எந்த உரிமையும் கிடையாது. ஆனால் பெயர்ச்சி பலன் என்ற பெயரில் வரும் பயம் எத்தனை பேரின் தூக்கத்தைத் தின்கிறது என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சனி ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டு. ராசிக்கு இரண்டரை ஆண்டு. ஜென்ம ராசிக்குப் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு ஆகிய இடங்களில் வந்தால் விரயச் சனி, ஜென்மச் சனி, பாதச் சனி; மூன்றும் சேர்ந்து ஏழரை. நான்கில் அர்த்தாஷ்டமச் சனி. ஏழில் கண்டகச் சனி. எட்டில் அஷ்டமச் சனி. கூட்டினால் ஆறு ராசி. சனி மீனத்தில் இருக்கும்போது கும்பம், மீனம், மேஷத்துக்கு ஏழரை, சிம்மத்துக்கு அஷ்டமம், கன்னிக்குக் கண்டகம், தனுசுக்கு அர்த்தாஷ்டமம். அதாவது எந்த நாளை எடுத்தாலும் பன்னிரண்டு ராசியில் பாதி, தெருவில் நடந்து போகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர், ‘சனி பிடித்தவர்கள்’. ஒரு மனிதரின் வாழ்நாளை எடுத்தாலும் அதே கதைதான்: முப்பது வருடத்தில் பதினைந்து. இவ்வளவு பரந்த வலையை வீசினால் உங்கள் வீட்டுத் துன்பம் ஏதாவது ஒன்று அதில் விழாமல் போகுமா? வேலை போனதும், மாமியார் நோயில் விழுந்ததும், பையன் பெயிலானதும் அந்தப் பதினைந்துக்குள் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்தது தேதி. நம்மிடம் திருக்கணிதம், வாக்கியம் என்று இரண்டு வகைப் பஞ்சாங்கம் உண்டு. திருக்கணிதப்படி சனி கும்பத்திலிருந்து மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6. திருநள்ளாறு தர்ப்பாரண்யேஸ்வரர் கோயிலில் வாக்கியம்தான் வழக்கம். 2025 மார்ச்சில் பெயர்ச்சி இல்லை என்று கோயில் தரப்பிலேயே விளக்கம் சொன்னார்கள். நடுவில் கிடந்த அந்தப் பதினோரு மாதம், மகர ராசிக்காரர் ஒருவருக்கு ஒரு பஞ்சாங்கத்தில் ஏழரை முடிந்துவிட்டது, இன்னொன்றில் பாதச் சனி நடக்கிறது. மேஷ ராசிக்காரருக்கு ஒன்றில் விரயச் சனி தொடங்கிவிட்டது, மற்றொன்றில் தொடங்கவே இல்லை. உடம்பு ஒன்று, மனசு ஒன்று. பயந்தவர் என்னவோ இரண்டு தேதிக்கும் சேர்த்துப் பயந்தார்.

எங்கள் தொழிலில் இது வெறும் வேடிக்கை இல்லை. “எப்போதிலிருந்து இப்படி?” என்று கேட்டால் நம் ஊரில் பலர் மாதம் சொல்வதில்லை, “போன சனிப்பெயர்ச்சியிலிருந்து” என்பார்கள். சனி கும்பத்துக்கு வந்த பெயர்ச்சியை எடுத்துக்கொண்டால், திருக்கணிதத்தில் 2023 ஜனவரி 17, வாக்கியத்தில் 2023 டிசம்பர் 20. நோய் எத்தனை நாளாக இருக்கிறது என்பதில் பதினோரு மாதப் பிசகு வந்துவிடும். இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: எந்தப் பஞ்சாங்கம் என்று கேட்டுவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அல்லது, “அந்தத் தீபாவளிக்கு நன்றாகச் சாப்பிட்டீர்களா?” என்று கேளுங்கள். அது சரியாக வரும்.

இப்போது என்னை மிகவும் வருத்துகிற நம்பிக்கைக்கு வருகிறேன்: பெயர்ச்சி ஆனால் தானாகச் சரியாகிவிடும் என்பது. சனி சராசரியாக ஒரு நாளில் நகர்வது இரண்டு கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). முழுநிலவின் அகலம் சுமார் முப்பது கலை. நிலவின் அகல அளவு தூரத்தைக் கடக்கவே அதற்கு இரண்டு வாரம் ஆகும். ராசி எல்லை என்பது வட்டத்தைப் பன்னிரண்டாகப் பகுத்து நாம் போட்ட கோடு. பெயர்ச்சி இரவன்று வானில் எதுவும் மூடித் திறப்பதில்லை. போதாக்குறைக்கு வக்ரம், அதாவது கிரகம் பின்னோக்கிப் போவதுபோல் தெரிவது, வேறு இருக்கிறது. 2022 ஏப்ரல் 29 அன்று கும்பத்துக்குப் போன சனி, ஜூலை 12 அன்று மகரத்துக்கே திரும்பி, 2023 ஜனவரியில்தான் மறுபடி கும்பம் வந்தது. முதல் தேதியை நம்பி “விட்டது சனி” என்று மூச்சு விட்டவர்கள் ஜூலையில் மறுபடி நொறுங்கிப் போனார்கள்.

“ஆனால் எங்க மாமாவுக்குப் பெயர்ச்சிக்கு அப்புறம் சரியாயிடுச்சே?” ஆகியிருக்கலாம். மறுக்கவில்லை. சிகிச்சை இல்லாத மனச்சோர்வு பலருக்கு ஆறு மாதம், ஓராண்டு என்று நீடித்து, பிறகு தானே ஓரளவு இறங்கும். இரண்டரை ஆண்டுக்கு ஒரு பெயர்ச்சி, நடுவில் குருப்பெயர்ச்சி, ராகு கேதுப் பெயர்ச்சி. நோய் இறங்கும் காலத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு பெயர்ச்சி இருந்தே தீரும். பெயர் அதற்குப் போய்விடும். அந்த ஓராண்டில் மாமா இழந்த சம்பளம், மாமியின் கண்ணீர், பிள்ளைகள் ஒதுங்கிப் போனது எதுவும் அந்தக் கணக்கில் ஏறாது. சிகிச்சை இல்லாமல் இறங்கிய நோய் திரும்பி வரும் வாய்ப்பும் அதிகம். மாத்திரை தொடங்கியிருந்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கியிருக்கும். அதற்கு முன்னால் தைராய்டும் பி12-உம் ரத்தத்தில் பார்த்திருப்போம். சில பேருக்குக் காரணமே அதில்தான் இருக்கும். எந்தப் பெயர்ச்சியும் தைராய்டு குறைபாட்டைச் சரிசெய்யாது.

தலைகீழான தவறும் உண்டு. நன்றாகத் தேறிவருகிறவர், பெயர்ச்சி முடிந்ததும் “இனி எதுக்கு” என்று மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துவது. நாலைந்து நாளில் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் கரண்ட் பாய்வதுபோல் சுரீர் சுரீர் என்று ஒரு உணர்வு. உடனே “பாதச் சனி போகிற போக்கில் அடிக்கிறது” என்று ஒரு விளக்கம். இல்லை. அது மாத்திரையைச் சட்டென்று விட்டதன் விளைவு. முழுக்கக் குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் அதே அளவில் தொடர வேண்டும். பிறகு மருத்துவர் சொல்கிறபடி வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வீட்டில் அறுபது, எழுபது தாண்டியவர்கள் இருந்தால் தயவுசெய்து இந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். ஏழரைச் சனியின் முதல் சுற்று மங்கு சனி, இரண்டாவது பொங்கு சனி, மூன்றாவது மரணச் சனி என்று நம்மிடம் ஒரு வழக்கு இருக்கிறது. மூன்றாவது சுற்று வருகிற வயதில் முதியவருக்குச் சர்க்கரை இருக்கும், பிரஷர் இருக்கும், துணையை இழந்த துக்கமும் இருக்கும். அந்த நேரத்தில் டிவியில் ஒருவர் மரணச் சனி என்று சொல்ல, பெரியவர் அதைக் கேட்டுவிட்டு யாரிடமும் எதுவும் பேசாமல் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார். ‘எனக்கு நேரம் வந்தாச்சு’ என்கிறார். குடும்பமும் அதைப் பக்குவம் என்று எடுத்துக்கொள்கிறது. முதுமையில் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வருவதில்லை. பசியின்மையாக, உடம்பு வலியாக, மறதியாக, “எதுக்குத் தொந்தரவு” என்ற ஒற்றை வாக்கியமாக வரும். திடீர்க் குழப்பமென்றால் ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம், சமீபத்தில் கீழே விழுந்திருந்தால் மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் மருத்துவம் உண்டு. தாத்தா தட்டில் பாதி வைத்துவிட்டு எழுந்தால் ஜாதகத்தை எடுக்காதீர்கள். எடை பாருங்கள், அழைத்து வாருங்கள்.

சந்திராஷ்டமம் வேறு மாதிரி. இது மாதா மாதம் வரும் பயம். சந்திரன் ஜென்ம ராசிக்கு எட்டில் இருக்கும் இரண்டேகால் நாள். தினசரி காலண்டரில் நல்ல நேரம், ராகுகாலம், எமகண்டத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் ஒரு நட்சத்திரப் பெயர். காலையில் தாளைக் கிழித்ததும் கண் அங்கேதான் போகும். தன் நட்சத்திரம் என்றால் அன்றைக்கு வண்டி எடுக்க மாட்டார். மேனேஜரிடம் பேச மாட்டார். பரீட்சைக்குப் போகிற பிள்ளை அழுதுகொண்டே போகும். பதற்ற நோய் உள்ளவர்களுக்கு இது மிகவும் கெடுதல். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும், அவ்வளவுதான்.

இவர்களுக்குக் கொடுக்கும் வீட்டுவேலை ஒன்று. காலண்டரில் அந்த வரியின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிடுங்கள். போனிலும் பார்க்காதீர்கள். தினமும் இரவு படுக்கும் முன் அன்றைய மன இறுக்கத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க், எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று இரண்டே எண்கள் நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் பழைய தேதிகளை வைத்துச் சந்திராஷ்டம நாட்களை வட்டமிடுங்கள். ராசிக் கணக்கில் ஏழெட்டு நாள் வரும். மற்ற நாட்களின் மார்க்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நோட்டை முழுதாகப் படித்தால் முந்தின இரவின் தூக்கத்துக்கும் மறுநாளின் மார்க்குக்கும் உள்ள தொடர்பு உங்கள் கண்ணிலேயே படும். ஒரு நிபந்தனை: இரவே எழுத வேண்டும். மறுநாள் ஞாபகத்திலிருந்து எழுதினால் வீண்.

பரிகாரம் செய்பவர்கள் கவனிக்க. சனிக்கிழமை விரதம் எல்லோருக்கும் ஆகாது. மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய்க்கு லித்தியம் எடுப்பவர்கள் தண்ணீரையோ உப்பையோ குறைத்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பில்லா விரதம் இவர்களுக்கு ஆபத்து. கை நடுக்கம் அதிகமாவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது என்றால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கடைசி மாத்திரை எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து லித்தியம் அளவு பார்ப்பது வழக்கம். இந்த நிலையில் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இன்சுலினோ, கிளிமிப்ரைடு வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் இருந்தால் சர்க்கரை எழுபதுக்குக் கீழே இறங்கலாம். வியர்வை, படபடப்பு, நடுக்கம். அதைப் பதற்றம் என்றும் தோஷம் என்றும் நினைத்து உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் சர்க்கரை பாருங்கள்.

திருநள்ளாறு போவதானால் பெயர்ச்சி நாள் கூட்டத்தில்தான் போக வேண்டுமென்று இல்லை. இருதுருவ நோய் உள்ளவரை இரவுப் பேருந்தில் அழைத்துப் போகாதீர்கள். ஓர் இரவுத் தூக்கம் கெட்டாலே சிலருக்கு மனஎழுச்சி தொடங்கிவிடும். பகலில் போய், காரைக்காலில் ஓர் இரவு தூங்கி, காலையில் நளதீர்த்தத்தில் குளிக்கட்டும். மாத்திரைப் பெட்டி கைப்பையில் இருக்கட்டும், பேருந்தின் அடியில் வைக்கும் பெட்டியில் வேண்டாம். மனநோய் மாத்திரைகளால் வரும் நடுக்கம், விறைப்புக்காக ட்ரைஹெக்ஸிபெனிடில் எடுப்பவர்களுக்கு வியர்வை குறையும், உடம்புச் சூடு ஏறும். வெயில் வரிசையில் மணிக்கணக்காக நிறுத்தாதீர்கள், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

ஜோதிடர்களிடம் ஒரு வேண்டுகோள், கோபமாக இல்லை, கை கூப்பித்தான். தசாபுக்தியையும் அஷ்டகவர்க்கப் பரல்களையும் பார்க்காமல் கோசாரத்தை, அதாவது கிரகங்களின் இப்போதைய நகர்வை, மட்டும் வைத்து முழுப் பலன் சொல்லக் கூடாது என்பது உங்கள் சாஸ்திரத்தின் கட்டுப்பாடே. ராசிக்குப் பொதுவாகச் சொல்லும்போது ஆயுளைப் பற்றிப் பேசாதீர்கள். மனசு தளர்ந்த ஒருவர் முதலில் வருவது எங்களிடம் அல்ல, உங்களிடம். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வாழ வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். “பரிகாரமும் செய்யுங்கள், டாக்டரையும் பாருங்கள்” என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கள் பத்து வார்த்தைக்கு மேல் அது எடுபடும்.

குடும்பத்தாருக்கு: “இருந்து என்ன பயன்” என்ற பேச்சு, சொத்து விவரங்களைத் திடீரென்று எழுதி ஒப்படைப்பது, மாத்திரைகளைச் சேர்த்து வைப்பது, காதில் குரல் கேட்பது, மூன்று நாளாகத் தூங்காமல் சுறுசுறுப்பாகத் திரிவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எந்த நாளும் நல்ல நாள்தான், அன்றே கிளம்புங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். இரவு நேரம், பக்கத்தில் யாரும் இல்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் போடுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். அவர்கள் உங்கள் ராசியைக் கேட்க மாட்டார்கள்; சாப்பிட்டீர்களா, கூட யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள்.