தூண்டிலைக் கவ்வும் தகப்பன்

மே மாதம், வட அமெரிக்காவின் ஒரு நன்னீர் ஏரி. கரையிலிருந்து பத்தடி தள்ளி இடுப்பளவுத் தண்ணீரில், தரையில் வட்டமாக ஒரு பள்ளம் தெரிகிறது. சுற்றிலும் சேறும் பாசியுமாகக் கிடக்க, அந்த வட்டம் மட்டும் பெருக்கி வைத்தாற்போல் சரளைக்கல் தெரியச் சுத்தமாக இருக்கிறது. அதற்கு மேலே ஒரு மீன் இடத்தைவிட்டு நகராமல் நிற்கிறது. ஆண் பாஸ் மீன். வாலால் அடித்து அடித்து அந்தப் பள்ளத்தைத் துடைத்தது அதுதான். கல்லோடு ஒட்டிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறி நல்ல தண்ணீர் ஓடவிடுவதும் அதுதான். முட்டையிட்ட பெண் மீன் எப்போதோ போய்விட்டது.

கொஞ்சம் தள்ளி ப்ளூகில் என்ற சிறு மீன்கள் கூட்டமாகக் காத்திருக்கின்றன. அவற்றுக்கு அந்த முட்டைகள் விருந்து. காவல்காரன் அசந்தால் போதும்.

அந்த நேரத்தில் மேலிருந்து ஒரு ரப்பர் புழு பள்ளத்துக்குள் வந்து விழுகிறது. ஆண் மீன் உடனே அதைக் கவ்வுகிறது. பசிக்காக இல்லை. காவல் இருக்கும் நாட்களில் அது பெரும்பாலும் அரைப்பட்டினிதான். முட்டை மேல் விழுந்த வேண்டாத பொருளை அப்புறப்படுத்தத்தான் வாயில் எடுத்தது. புழுவுக்குள் முள் இருக்கிறது.

தூண்டில்காரர் மீனைத் தூக்குகிறார், படம் எடுக்கிறார், முள்ளைக் கழற்றிப் பத்திரமாகத் தண்ணீரில் விடுகிறார். மீனுக்கு உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அது கரையில் இருந்த சில நிமிடங்களில் ப்ளூகில்கள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. திரும்பி வரும் தகப்பனுக்குக் காவல் காக்க மிச்சம் அதிகம் இல்லாவிட்டால், கூட்டை அப்படியே கைவிட்டுப் போய்விடும்.

பாஸ் தூண்டிலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். பல வருடம் செதுக்கிச் செதுக்கி மனிதர்கள் செய்த தூண்டில் சாமான் ஒவ்வொன்றும் அந்த மீனின் உடம்பில் இருக்கும் ஏதோ ஒரு புலனைக் குறிவைக்கிறது. பிடித்த மீன் பிழைக்குமா என்பதை முடிவு செய்வதும் அதே உடம்புதான். அதனால் சாமானையும் பாதுகாப்பையும் பிரித்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

நான் இங்கே சொல்வது பெரியவாய் பாஸ் என்ற லார்ஜ்மவுத் பாஸைப் பற்றி. வட அமெரிக்காவின் கிழக்கிலும் நடுவிலும் உள்ள ஏரி, ஆறு, சதுப்பு நிலங்கள்தான் அதன் பூர்வீகம். வாயை மூடினால் மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் நீளும். அந்த வாய் கடிப்பதற்கு என்பதைவிட உறிஞ்சுவதற்கு என்று சொல்வதே பொருத்தம். இரை அருகே வந்ததும் பாஸ் வாயையும் செவுள் மூடிகளையும் ஒரே வீச்சில் விரிக்கிறது. உள்ளே திடீரென்று அழுத்தம் குறைகிறது. தண்ணீர் பாய்ந்து உள்ளே போக, இரையும் கூடவே போகிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். பிடிக்காததைத் துப்புவதும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான். தூண்டில் நரம்பில் லேசான ஒரு ‘டொக்’ மட்டும் கைக்குத் தெரிவது இதனால்தான். மீன் இழுத்துக்கொண்டு ஓடும்வரை காத்திருந்தால் அது ஏற்கெனவே துப்பியிருக்கும், அல்லது ஆழமாக விழுங்கியிருக்கும்.

இரை வருவதை அது எப்படி அறிகிறது? கண் ஒன்று. பாஸின் விழித்திரையில் நிறம் பார்க்க இரண்டே வகைக் கூம்புசெல்கள்தான் உண்டு. ஒன்று பச்சையை நன்றாக வாங்கும், இன்னொன்று சிவப்பை. இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மீன்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சோதித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், அவை சிவப்பையும் பச்சையையும் தெளிவாகப் பிரித்தறிந்தன. ஆனால் பளிச்சென்ற மஞ்சள்பச்சையையும் வெள்ளையையும் குழப்பிக்கொண்டன; நீலத்தையும் கறுப்பையும் அப்படித்தான். கடையில் நூறு நிறத்தில் தொங்கும் போலி இரைகளில் பாதி நமது கண்ணுக்காகவே பூசப்பட்டவை என்று எனக்குத் தோன்றுவது இதை வைத்துத்தான்.

கலங்கிய தண்ணீரிலும் இருட்டிலும் கை கொடுப்பது பக்கவாட்டுக் கோடு. செவுளிலிருந்து வால்வரை உடம்பின் இருபக்கமும் ஓடும் அந்தக் கோட்டில், தண்ணீரின் அசைவை உணரும் நுண்ணிய மயிர்செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு சின்ன மீன் வாலை ஆட்டினால் எழும் மெல்லிய அலை அந்த மயிர்களை வளைக்கும். அது நரம்புத் துடிப்பாக மூளைக்குப் போகும். எட்டும் தூரம் குறைவுதான், உடம்பு நீளத்துக்கு ஓரிரு மடங்கு. ஆனால் கடைசி நொடியில் குறி தப்பாமல் பாய அது போதும்.

கிராங்க்பெயிட் என்ற மீன் வடிவப் போலி இரை இந்தக் கோட்டுக்காகவே செய்யப்பட்டதுபோல் இருக்கும். அதன் மோவாயில் ஒரு தகடு சரிந்து நீட்டிக்கொண்டிருக்கும். நரம்பைச் சுற்றி இழுக்கும்போது தகட்டில் தண்ணீர் மோதி இரையைக் கீழே அமுக்குகிறது. தகட்டின் இரு ஓரங்களிலும் மாறிமாறிச் சுழல்கள் கழன்று விழ, இரை இடமும் வலமும் ஆடுகிறது. தகடு நீளமாகவும் படுக்கைவாட்டிலும் இருந்தால் ஆழமாக முங்கும். குட்டையாகவும் செங்குத்தாகவும் இருந்தால் மேலாகவே ஓடும். ஸ்பின்னர்பெயிட் என்ற இன்னொரு போலி இரையில் சுழலும் உலோக இலைக்கும் இதே கணக்கு. வட்டமான இலை தண்ணீரை அதிகம் தள்ளி அதிரும், கலங்கலுக்கு ஏற்றது. ஒல்லியான இலை குறைவாக அதிர்ந்து அதிகம் மின்னும், தெளிந்த நீருக்கு நல்லது.

ரப்பர் புழுவுக்கு இந்த ஆட்டமெல்லாம் வேண்டாம். 1949-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நிக் க்ரீம் என்பவர் மென்மையான பிளாஸ்டிக்கில் அதை வார்த்தெடுத்தார். சாதாரணப் பொருள்போலத் தெரியும், ஆனால் அது பாஸ் தூண்டிலையே மாற்றிப்போட்டது. வாயில் எடுத்த மீனுக்கு மரம்போல் உறுத்தாததால் அது சற்றுக் கூடுதல் நேரம் வைத்திருக்கிறது. டெக்ஸஸ் ரிக் என்ற முறையில் முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே ஒளித்துவிடுவார்கள். முன்னால் தோட்டா வடிவ எடை இருக்கும். செடி கொடிக்குள் புகுந்து வெளியே வந்தாலும் எளிதில் மாட்டாது. நான் ஒருவருக்கு ஒரே ஒரு முறை சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் இதைத்தான் சொல்லுவேன்.

சரி, தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் ரீலுக்கு வருவோம். பாஸ் தூண்டிலில் புதியவர்களை அழவைப்பது பெயிட்காஸ்டிங் ரீல். வீசும்போது இதன் உருளையே சுழன்று நரம்பை விடும். பறக்கும் இரை காற்றில் வேகம் குறையும், உருளையோ தன் சுழற்சியை விடாது. இரை வாங்கிக்கொள்வதைவிட அதிகமாக உருளை நரம்பைக் கொட்டினால் ஒரு நொடியில் குருவிக்கூடுபோலச் சிக்கு விழும். இதைத் தடுக்கப் பல ரீல்களில் காந்தம் வைக்கிறார்கள். அலுமினிய உருளையைக் காந்தம் ஈர்க்காது. ஆனால் காந்தப்புலத்தில் உலோகம் சுழன்றால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும்; அந்த மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கும். வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும். உரசாமலே பிடிக்கும் பிரேக். என்னதான் இருந்தாலும் கட்டைவிரலை உருளைமேல் லேசாக வைக்கப் பழகிக்கொள்வதற்கு மாற்றே இல்லை. ஸ்பின்னிங் ரீலில் உருளை சுழலாது, நரம்பு சுருள் சுருளாக நழுவிப் போகும். எடை குறைந்த இரைக்கு அதுதான் எளிது.

நரம்பில் மூன்று வகை. நைலான் இழுவையில் நீளும், திடீர் அதிர்வைத் தாங்கும். ஃப்ளோரோகார்பன் கனமானது, மூழ்கும். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.42, தண்ணீருக்கு 1.33. நைலானைவிடத் தண்ணீருக்கு நெருக்கமாக இருப்பதால் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும். பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு மிதக்கும், கிட்டத்தட்ட நீளவே நீளாது, அடர்ந்த பாசிக்குள்ளிருந்தும் மீனை இழுத்துவிடும்.

நரம்பின் பலம் மீனின் உயிரோடு சம்பந்தப்பட்டது. மாட்டிய பாஸ் துள்ளுவதும் திமிறுவதும் வெள்ளைத் தசையால். அந்தத் தசை ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சேமித்த சக்தியை எரிக்கும், பின்னால் லாக்டிக் அமிலம் சேரும். போராட்டம் நீள நீள இரத்தத்தின் சமநிலை குலையும், பழைய நிலைக்கு வரப் பல மணிநேரம் ஆகும். மெல்லிய நரம்பில் பெரிய மீனை அரைமணி நேரம் ஆட்டிப் பிடிப்பதை வீரம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மீனுக்கு ஏற்ற நரம்பும் கோலும் வைத்துச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவருவதுதான் மரியாதை.

கரைக்கு வந்தபின் முதல் எதிரி காற்று. செவுளின் மெல்லிய இதழ்கள் தண்ணீரில் விரிந்து நிற்கும். வெளியே எடுத்ததும் நனைந்த கூந்தல்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் எடுக்கும் பரப்பு போய்விடுகிறது. ஓடி ஓடிக் களைத்தவரின் மூக்கையும் வாயையும் பொத்துவதற்குச் சமம் அது. கையை நனைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். உலர்ந்த கை தோலின் வழுவழுப்பைத் துடைத்துவிடும், அந்த வழுவழுப்புதான் கிருமிக்கு எதிரான முதல் வேலி. பெரிய மீனைக் கீழ்த்தாடையில் மட்டும் பிடித்துப் படுக்கைவாட்டில் சாய்த்தால் தாடை இணைப்பின்மேல் முழு எடையும் விழும். வயிற்றுக்கு அடியில் இன்னொரு கை வேண்டும். முள் தொண்டைக்குள் போயிருந்தால் பெரும்பாலும் பிடுங்குவதைவிட நரம்பை முள்ளுக்கு அருகில் வெட்டிவிடுவதே மேல்.

அப்புறம் ஆழம். பாஸுக்கு உள்ளே காற்றுப்பை உண்டு. சில மீன்களைப்போல அந்தக் காற்றை வாய்வழியாக ஏப்பம் விட்டு வெளியேற்ற இதால் முடியாது; இரத்தத்தின் வழியாக மெதுவாகத்தான் கூட்டும், குறைக்கும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு. அங்கிருந்து சட்டென்று மேலே இழுத்தால் பையிலுள்ள காற்று இரண்டு மடங்காக விரியும். வயிறு உப்பி, மற்ற உறுப்புகள் நசுங்கி, மீன் கீழே போக முடியாமல் மிதக்கும். எடை கட்டிய கிளிப்பில் மாட்டி ஆழத்துக்கு இறக்கிவிட்டால் அழுத்தமே காற்றைத் திரும்பச் சுருக்கிவிடும். ஊசி குத்திக் காற்றை எடுப்பவர்களும் உண்டு, அதற்கு இடம் தெரிந்த கை வேண்டும்.

அமெரிக்காவில் பாஸ் போட்டிகளைப் பெரிய அளவில் தொடங்கியவர் ரே ஸ்காட். 1967-ல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் முதல் போட்டி நடந்தது. பிடித்த மீன்களையெல்லாம் கொன்று கணக்குக் காட்டிய காலம் அது. 1972-ல் அவரே ‘பிடித்ததைக் கொல்லாதே’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். படகில் தொட்டி வந்தது, உயிரோடு எடை போட்டு விடும் வழக்கம் வந்தது. பெரிய மாற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் தொட்டித் தண்ணீர் வெயிலில் சூடாகும். 10 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். களைத்த மீன்களுக்கு அதிக ஆக்சிஜன் வேண்டிய நேரத்தில் தண்ணீரிடம் இருப்பது குறைவு. கோடைப் போட்டிகளில் காற்றுப் பம்பும் குளிர்ந்த தண்ணீரும் இல்லாவிட்டால் ‘உயிரோடு விட்டோம்’ என்பது கரையில் மட்டும் உண்மை. கூடு காக்கும் ஆண் மீனை ஏரியின் மறுமுனைக்குக் கொண்டுபோய் எடைபோட்டு அங்கேயே விட்டால் அந்தக் கூடு போனதுதான்.

இலினாயில் நடந்த ஒரு நெடுங்காலப் பரிசோதனை இந்த விஷயத்தை இன்னும் ஆழமாகத் தோண்டியது. ரிட்ஜ் ஏரியில் நான்கு ஆண்டுகள் தூண்டில் போட்டு, பிடித்த ஒவ்வொரு மீனையும் குறித்துவைத்துத் திரும்ப விட்டார்கள். ஒரே ஆண்டில் 16 முறை மாட்டிய மீனும் இருந்தது. கடைசியில் ஏரியை வடித்துப் பார்த்தபோது, அத்தனை வருடமும் ஒருமுறைகூட மாட்டாத மீன்கள் சுமார் 200 இருந்தன. அடிக்கடி மாட்டியவற்றையும் மாட்டாதவற்றையும் தனித்தனியாக இனப்பெருக்கம் செய்வித்தார்கள். மூன்று தலைமுறைகளாகப் பார்த்ததில், எவ்வளவு எளிதில் மாட்டுகின்றன என்பதில் இரு வம்சங்களுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. தூண்டிலைக் கவ்வும் குணத்தில் ஒரு பங்கு பரம்பரையாக வருகிறது. ஆய்வாளர் டேவிட் ஃபிலிப்பின் குழு 2009-ல் இதை வெளியிட்டது. 2012-ல் வந்த தொடர் ஆய்வு, எளிதில் மாட்டும் வம்சத்தின் ஆண்களே கூட்டை இன்னும் மூர்க்கமாகக் காத்தன என்று காட்டியது.

யோசித்துப் பார்த்தால் பதறுகிறது. எந்த வேகமும் துணிச்சலும் அதை நல்ல தகப்பனாக்குகிறதோ, அதுவே அதைத் தூண்டிலில் மாட்டுகிறது. பள்ளத்தில் விழுந்த ரப்பர் புழுவைக் கண்டு ஒதுங்கிப்போகும் ஆண் தப்பிக்கிறது. நாம் வருடா வருடம் கூட்டின்மேல் தூண்டில் போட்டால், அக்கறை குறைந்த தகப்பன்களையே மிச்சம் வைக்கிறோம்.

பூர்வீகத்தைத் தாண்டிப் போன பாஸின் கதை வேறு. ஜப்பானின் ஆஷி ஏரியில் 1925-ல் கொண்டுவந்து விடப்பட்ட மீன் நாடு முழுக்கப் பரவி உள்ளூர்ச் சிறு மீன்களைத் தின்றது. பிவா ஏரியில் பிடித்த பாஸைத் திரும்ப விடுவதையே 2003-ல் ஷிகா மாகாணம் தடை செய்தது. 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த சுமார் 10 கிலோ மீனின் உலகச் சாதனையை, 2009-ல் மனாபு குரிதா சமன் செய்ததும் அதே பிவாவில்தான். அங்கே அந்த மீனைக் காப்பது பாதுகாப்பு ஆகாது. அது தின்றுதீர்க்கும் மீன்களைக் காப்பதே பாதுகாப்பு.

அதன் சொந்த ஏரிகளிலோ கணக்கு எளிது. தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டி இருபதை நெருங்கும் வசந்த வாரங்களில், கரையோரப் பள்ளத்தின்மேல் நிற்கும் மீனை விட்டுவிடலாம். தெரியாமல் மாட்டிவிட்டால் படம் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, பிடித்த இடத்திலேயே கையைத் தளர்த்தினால் அது ஒரு கணம் தடுமாறி நிற்கும். பிறகு நேராகப் பள்ளத்துக்குத்தான் போகும். ப்ளூகில்கள் சிதறும்.