வியூகத் திட்டம் ஒரு பக்கம், பட்ஜெட் ஒரு பக்கம்

பொதுத்துறை நிறுவனங்களின் வியூகத் திட்டங்களை, அதாவது வரும் ஆண்டுகளுக்கான இலக்குகளையும் அவற்றை எட்டும் வழிகளையும் சொல்லும் ஆவணங்களை, பரிசீலிப்பது என் வேலை. திட்டம் கைக்கு வந்ததும் அந்த ஆண்டின் பட்ஜெட்டையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பேன். ‘பொதுமக்கள் புகார்களுக்கு விரைந்து தீர்வு’ என்பது திட்டத்தின் முதல் இலக்காக இருக்கும். பட்ஜெட்டில் அதற்கென ஒரு கணக்குத் தலைப்புகூட இருக்காது. புகார் பிரிவின் காலிப் பணியிடங்கள் அப்படியே கிடக்கும். போன வருடத் தொகையில் சில சதவீதம் கூட்டிப் போட்டிருப்பார்கள். அவ்வளவுதான்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, திட்டமிடலே வீண் வேலை என்று அதிகாரிகளே சலித்துக்கொள்வதுண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். பெர்ட் ஜார்ஜ், ரிச்சர்ட் வாக்கர், யோஸ்ட் மான்ஸ்டர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 31 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து அலசி, 2019இல் வெளியிட்டார்கள். அரசுத் துறையானாலும் தனியார் துறையானாலும் வியூகத் திட்டமிடல் உள்ள இடத்தில் செயல்பாடும் மேம்பட்டிருந்தது. உள்நிலையையும் வெளிச்சூழலையும் முறையாக ஆராய்ந்து இலக்கு வகுத்த இடங்களில் பலன் கூடுதல். அந்தப் பலனும் இலக்கை எட்டுவதில்தான் வலுவாகத் தெரிந்தது. செலவு மிச்சமாகும் என்ற கணக்கில் மட்டும் திட்டம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டாட்சி அரசுத் துறைகள் வியூகத் திட்டம் வைத்திருப்பதைக் கட்டாயமாக்கியது. முன்னுரிமை இலக்குகளைக் காலாண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்யும் கடமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. திட்டத்தை அலமாரியிலிருந்து மேசைக்குக் கொண்டுவருவது இப்படிப்பட்ட காலாண்டு ஆய்வுக் கூட்டம்தான் என்பது நான் நேரில் கண்டது. தலைமை அதிகாரி தானே உட்கார்ந்து கேட்டால்தான் கீழே வேலை நகரும்.

ஆனால் அந்தக் கூட்டம் எண்களை மட்டும் கேட்டால் ஆபத்து. உயிருக்கு ஆபத்தான அழைப்புகளில் 75 சதவீதத்துக்கு 8 நிமிடத்துக்குள் ஆம்புலன்ஸ் போய்ச்சேர வேண்டும் என்று இங்கிலாந்தில் இலக்கு இருந்தது. சில ஆம்புலன்ஸ் சேவைகளின் பதிவுகளைப் பார்த்தால், 8 நிமிடத்துக்குச் சற்று முன்பு வண்டி போய்ச்சேர்ந்ததாகப் பதிவான அழைப்புகள் மட்டும் குவிந்திருந்தன. அந்தக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று சரிந்தன. வண்டி வேகமாக ஓடினால் இப்படியொரு செங்குத்துச் சரிவு வராது. பதிவேட்டில் நேரம் ‘திருத்தப்பட்டால்’ வரும். காத்திருந்த நோயாளிக்கு இதனால் என்ன லாபம்?

உங்கள் அலுவலகத்தில் அடுத்த காலாண்டுக் கூட்டம் நடக்கும்போது ஒவ்வோர் இலக்குக்கும் மூன்று விவரம் கேளுங்கள்: எந்தக் கணக்குத் தலைப்பில் பணம், யார் பொறுப்பு, எண்ணைப் பதிவு செய்தவர் யார். பொறுப்பாளரும் பதிவு செய்தவரும் ஒருவரே என்றால், அந்த எண்ணை வேறொருவரைக் கொண்டு சரிபார்த்த பிறகே அறிக்கையில் சேருங்கள்.