பூட்டிக் கிடக்கும் பதினொரு மாதங்கள்

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் என் கைப்பேசி ஓயாது. பிரான்சில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. பாரிஸைச் சுற்றியுள்ள ஊர்களில் இருந்து குடும்பம் குடும்பமாகப் புதுச்சேரிக்கு வந்து இறங்குவார்கள். அப்பாவோ தாத்தாவோ விட்டுச்சென்ற வீட்டின் பூட்டைத் திறப்பார்கள். திறந்த அரை மணி நேரத்தில் எனக்கு அழைப்பு வந்துவிடும். "தம்பி, கதவைத் திறந்ததும் ஒரே பூசண வாடை. போன வருடம்தான் இவ்வளவு செலவு செய்தோம். உடனே வந்து பாருங்கள்."

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவன் நான். பதினெட்டு ஆண்டுகளாகப் புதுச்சேரியில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் கட்டடப் பொறியாளனாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். மனத்தளவில் இது அவர்களுக்குச் சொந்த ஊர். சட்டப்படி பார்த்தால் அயல்நாட்டில் அவர்களுக்கு இருக்கும் விடுமுறை வீடு. ஆண்டுக்கு ஒரு மாதம், மிஞ்சிப்போனால் ஆறு வாரம் தங்குவார்கள். அந்த ஒரு மாதம் வசதியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைத்துச் செலவு செய்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. ஆள் இல்லாத பதினொரு மாதங்களை இந்த வீடு எப்படித் தாங்கும் என்ற கேள்வியிலிருந்துதான் சீரமைப்பைத் தொடங்க வேண்டும்.

ஆள் புழங்கும் வீட்டில் சன்னல் திறக்கிறது, விசிறி சுழல்கிறது, அடுப்பு எரிகிறது, எங்காவது ஒழுகினால் அன்றே கண்ணில் படுகிறது. பூட்டிய வீட்டில் இவை எதுவும் கிடையாது. கடற்காற்று கொண்டுவரும் உப்பு கம்பிகளிலும் கீல்களிலும் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆண்டு மழையில் பெரும்பங்கு நமக்கு அந்த மூன்று மாதங்களில்தான் கொட்டுகிறது. நீங்கள் செப்டம்பர் தொடக்கத்தில் விமானம் ஏறிவிடுகிறீர்கள். வீட்டுக்கு மிகக் கடுமையான காலம் உங்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

முத்தியால்பேட்டையில் ஒரு வீடு. திண்ணை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் உள்ள, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தமிழர் வீடு. அதன் உரிமையாளர் பாரிஸ் அருகே மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நான் அக்கா என்றுதான் அழைப்பேன். எனக்கு முன்பு வேலை செய்தவர்கள், சுவரின் அடிப்பகுதியில் ஓதம் இருக்கிறது என்று சொல்லி, பழைய சுண்ணாம்புப் பூச்சை இடுப்பு உயரத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசினார்கள். அதன்மேல் பளபளப்பான பெயிண்ட். அந்த ஆகஸ்டில் வீடு புதுப்பெண் போல இருந்தது. அடுத்த ஆகஸ்டில் பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்து தொங்கியது, சிமெண்ட் பூச்சுக்கு மேலே இரண்டடி வரை ஓதம் ஏறியிருந்தது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பழைய சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் விடாது. வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமெண்ட் முடியும் இடத்தில் வெளிவரும். நீரோடு வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் பூத்து அதை உள்ளிருந்தே தள்ளும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து. ஆற வைத்த சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசும் கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடுதல், வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் அந்தச் செலவைப் பற்றி நான் யாரிடமும் பேரம் பேசுவதில்லை. சிமெண்ட்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களின் வேலையை ஒப்புக்கொள்வதும் இல்லை.

சுவரைவிடக் கூரை எனக்கு அதிகக் கவலை தருகிறது. பழைய மாடிகள் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் வகை. தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள் கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டை ஓடுகளைப் பதித்திருப்பார்கள். ஒழுகினால் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை, மேலே 2 அங்குலம் கான்கிரீட் போடுவது. அந்தக் கனத்தில் ஒரு சதுர மீட்டர் கான்கிரீட் சுமார் 120 கிலோ எடை. 20 சதுர மீட்டர் அறைக்கு இரண்டே கால் டன்னுக்கும் மேல். நூறு வயது உத்திரத்தின் தலையில் இரண்டு கார்களை ஏற்றி நிறுத்தியதற்குச் சமம். அந்த உத்திரமோ நடுவில் வைரம் பாய்ந்து இரும்பாக இருக்கும், சுவருக்குள் புதைந்த முனையில் உளுத்துப் போயிருக்கும். கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. மரச்சுத்தியலால் முனைவரை தட்டிக்கொண்டே போக வேண்டும். சத்தம் மாறும் இடத்தில் துளைத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் மதிப்பீடு எழுதிக் கொடுப்பவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள்.

கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடத்தை, பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடத்தை, நினைத்துப் பாருங்கள். 1870-களில் எழுந்தது, கவனிப்பாரின்றிக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது அங்கே நிற்பது அதே தோற்றத்தில் மீண்டும் கட்டி 2021-இல் திறந்தது. ஊரின் அடையாளமாக இருந்த கட்டடத்துக்கே அந்தக் கதி. பூட்டிக் கிடக்கும் வீட்டின் மாடியில் வடிகுழாய் வாயை ஒரு கைப்பிடி வாதாம் இலை அடைத்தால் போதும், ஒரே இரவில் மாடி குளமாகிவிடும்.

சரி செய்ய முடியும் என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. வைசியாள் வீதி என்று அழைக்கும் கல்வே சுப்பராயச் செட்டி வீதி வீடுகளின் தாழ்வாரங்களையும் முகப்புகளையும் பழைய முறையிலேயே மீட்டெடுத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. வேலை தொடங்குமுன் ஒரு மாலை அந்த வீதியில் நடந்துவிட்டு வாருங்கள்.

இனி அறைகலன்கள். எனக்கு மனம் கனக்கும் பகுதி இது.

அந்த அக்காவின் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர். அவருடைய பணிச் சான்றுகள், பதக்கப் பத்திரம், அம்மாவுடன் எடுத்த திருமணப் படம் எல்லாம் ஒரு பழைய தேக்குப் பெட்டியில் நாற்பது ஆண்டுகள் பத்திரமாக இருந்தன. சீரமைப்பின்போது அந்தப் பெட்டி அழகாக இல்லை என்று கொடுத்துவிட்டார்கள். சுவரோடு சுவராகத் தரையிலிருந்து கூரைவரை மரத்தூள் பலகையில் அலமாரி செய்து, காகிதங்களை அதில் வைத்தார்கள். சுவரின் ஓதம் பலகையின் முதுகில் ஏறியது. பின்னாலேயே கறையான் ஏறியது. பத்து மாதம் கழித்து அக்கா கதவைத் திறந்தபோது உள்ளே மண்தான் இருந்தது. திருமணப் படத்தில் அப்பாவின் தோளும் அம்மாவின் ஒரு கையும் மட்டும் மிஞ்சின. அன்று நான் அங்கே இருந்தேன். எந்தப் பொறியியல் விளக்கமும் என் வாயில் வரவில்லை.

அதனால் இதை அழுத்தமாகவே சொல்கிறேன். பூட்டிக் கிடக்கும் கடலோர வீட்டில் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையும் மரத்தூள் பலகையும் வேண்டவே வேண்டாம். ஒட்டுப்பலகைதான் என்றால் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட், அதுவும் கறையான் மருந்தேற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். சுவரில் பதித்த அலமாரிகளைத் தவிருங்கள். பீரோவோ கட்டிலோ எதுவானாலும் அடியில் ஒரு சாண் கால் இருக்கட்டும், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கட்டும். கறையான் வந்தாலும் அதன் மண்பாதை கண்ணில் பட வேண்டும் என்பதே நோக்கம். தேக்கு வாங்கினால் வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து வாங்குங்கள். அதைச் சுற்றியுள்ள வெளிர் மரத்தைக் கறையான் விடாது. கீலும் திருகாணியும் பித்தளையில் இருக்கட்டும். வெளிப்புறக் கைப்பிடிகளுக்கு எவர்சில்வர் என்றால் 304-ஐ விட 316 வகை உப்புக்காற்றைத் தாங்கும். பிரம்பு நாற்காலி, கோரைப்பாய், வில்லியனூர் சுடுமண் விளக்கு ஆகியவை இந்தக் காற்றில் வளர்ந்த பொருள்கள். இவற்றால் ஓர் அறையை நிறைவாக அலங்கரிக்கலாம். திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவற்றைப் பிரான்சுக்கு எடுத்துச் சென்றுவிடுங்கள். காகிதம் பூட்டிய வீட்டில் நிற்காது. குடும்பப் படங்களையும் அப்படியே.

அங்கிருந்து கப்பலில் அறைகலன்களை அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். பைன் மர அலமாரி நம் ஊர்க் கறையானுக்கு விருந்து. மின்கருவிகள் ஓடும், இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் பிளக்கின் எர்த் அமைப்பு வேறு. மாற்றியைச் செருகிப் பயன்படுத்தினால் பெரும்பாலும் எர்த் இணைப்பே இருக்காது. ஈரக் கையோடு தொடும் சலவை இயந்திரத்துக்கு இது உயிர் ஆபத்து. நம் ஊர் மூன்று முனை பிளக்கை மின்பணியாளரிடம் கொடுத்துப் பொருத்துங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி வீட்டுக்குக் கட்டாயம்.

கிளம்பும்போது செய்ய வேண்டியவை சில. குளிர்சாதனப் பெட்டியை அணைத்துக் கதவைத் திறந்தே வையுங்கள். மேல்நிலைத் தொட்டியை வடித்துவிடுங்கள். குளியலறைத் தரை வடிகாலில் நிற்கும் நீர் சில வாரங்களில் காய்ந்துவிடும். பிறகு சாக்கடை வாடையும் கரப்பான்பூச்சியும் அந்த வழியாக ஏறும். கடைசி நாள் அதில் நீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி எண்ணெய் விட்டால் ஆவியாவது வெகுவாகக் குறையும்.

வேலையைத் தொடங்கும் நேரமும் பெரும்பாலும் தவறாகிறது. ஜூலையில் வந்து, அந்த வீட்டிலேயே தங்கிக்கொண்டு, ஆறு வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துச் சாவியோடு கிளம்ப நினைக்கிறார்கள். ஈரம் காயாத பூச்சின் மேல் பெயிண்ட் அடித்து, சன்னலைச் சாத்திப் பூட்டினால் பூசணம் வராமல் என்ன வரும்? ஒரு ஆகஸ்டில் வந்து வீட்டைச் சோதித்து, மதிப்பீட்டையும் பத்திரங்களையும் முடித்துவிடுங்கள். பொங்கல் கழிந்து சாரம் கட்டினால் ஜூனுக்குள் முடித்து, கோடை வெயிலிலேயே சுவரைக் காயவிடலாம். அறைகலன்களை அடுத்த ஆகஸ்டில் நீங்களே பார்த்து வாங்குங்கள். பணத்தை வேலையின் கட்டத்துக்கு ஏற்பக் கொடுத்து, பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நல்ல ஒப்பந்தக்காரர் இதற்குச் சம்மதிப்பார்; நான் சம்மதிக்கிறேன். குழாயும் ஒயரும் பதித்து, பூசி மூடுவதற்கு முன்னால் அளவு நாடாவைச் சுவரில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சட்டத்தில் நான் வழக்கறிஞன் அல்லன். அடிக்கடி பார்க்கும் சறுக்கல்களை மட்டும் குறிப்பிடுகிறேன். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவர் வீடு வாங்கலாம். விவசாய நிலமும் பண்ணை வீடும் வாங்க முடியாது. பாகூர்ப் பக்கம் தென்னந்தோப்போடு வீடு என்று யாராவது ஆசை காட்டினால் முதலில் நிலத்தின் வகையைப் பாருங்கள். இங்குள்ள உறவினருக்குப் பவர் பத்திரம் எழுதும்போது, பழுதுபார்ப்பு, அனுமதி, மின்கட்டணம் என்று எதற்கோ அதற்கு மட்டும் எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தைப் பழக்கதோஷத்தில் சேர்த்துவிடாதீர்கள். பிரான்சில் எழுதிய பவருக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அந்நாட்டுச் சான்று) அல்லது தூதரகச் சான்று பெற்று, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். பழைய பத்திரம் நொத்தேர் (பிரெஞ்சு ஆட்சிக்காலப் பத்திர அதிகாரி) எழுதிய பிரெஞ்சுப் பத்திரமாக இருந்தால், மொழிபெயர்த்துச் சான்று பெற்று ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். முகப்பை மாற்றுவதற்கோ கடலருகில் கூடுதலாகக் கட்டுவதற்கோ முன் நகரத் திட்டக் குழுமத்தில் கேட்டுவிடுங்கள். கடலூர் என்றால் தமிழ்நாட்டு விதிகள், அலுவலகமும் வேறு. நீங்கள் இல்லாத நாளில் வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதை இணையவழியில் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அந்த முத்தியால்பேட்டை வீட்டைப் பிறகு நாங்கள் மறுபடி செய்தோம். சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரை ஒரு கோடை முழுக்க வெறுமனே காயவிட்டு, சுண்ணாம்பு பூசினோம். சன்னல்களுக்கு மேலே கொசுவலை அடித்த காற்றுத் துளைகள் வைத்தோம். உள்ளே ஒரு கட்டில், நான்கு பிரம்பு நாற்காலி, கால் வைத்த ஒரு தேக்குப் பெட்டி, அவ்வளவுதான். அக்கா சாவியை எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்தார். வெள்ளிதோறும் அந்த அம்மா கதவு சன்னல்களைத் திறந்து, முற்றத்தைக் கூட்டி, விளக்கேற்றி, மாலையில் பூட்டுவார். மாதம் ஒருமுறை அவர் மகன் மாடி, வடிகுழாய், உத்திர முனைகள், பெட்டியின் கால்கள் ஆகியவற்றைப் படம் எடுத்து அக்காவுக்கும் எனக்கும் அனுப்புவான்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. முந்தைய நாளே எச்சரிக்கையைக் கேட்டு அந்தப் பையன் மாடிக்குப் போய், வடிகுழாய் வாயிலிருந்த இலைகளை ஒரு கூடை அள்ளியிருந்தான். வெள்ளம் வடிந்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். தெருவில் நின்ற நீர் திண்ணையின் முதல் படியோடு நின்றிருந்தது; கூரையில் ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு ஈரம், அதுவும் பொங்கலுக்குள் காய்ந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு மாதம் என்ன கொடுப்பது முறை என்று அக்கா தொலைபேசியில் கேட்டார். முதல் தடவை பெயிண்டுக்குச் செலவான தொகையைச் சொல்லி, அதைப் பன்னிரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். இப்போது ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி அந்தப் பணம் எதிர்வீட்டுக்கு வந்துவிடுகிறது.