சியர்லீடிங் ஜிம்மின் பெயரையும் லோகோவையும் பதிவது எப்படி? மைஐபோ வணிகச் சின்ன விளக்கம்

எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தின் சான்றிதழைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டிவிட்டால் ஜிம்மின் பெயர் தங்களுக்கே சொந்தம் என்று நம்பும் உரிமையாளர்கள் கோலாலம்பூரில் ஏராளம். ஆண்டுக்கு 60 ரிங்கிட் கட்டிப் பெறும் அந்தப் பதிவு, இந்தத் தொழிலை நடத்துவது யார் என்பதை அரசாங்கத்துக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். செந்தூலில் இருக்கும் உங்கள் சியர்லீடிங் ஜிம்மின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, உங்கள் லோகோவில் பாய்கிற அதே புலியையும் வரைந்து ஷா ஆலமில் ஒருவர் ஜிம் திறந்தால், அந்தச் சான்றிதழை நீட்டி அவரை நிறுத்த முடியாது. சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனமாகப் பதிந்திருந்தாலும், விளையாட்டு ஆணையரிடம் கிளப்பாகப் பதிந்திருந்தாலும் நிலைமை இதேதான்.

பெயருக்கும் லோகோவுக்கும் சொத்துரிமை தருவது 2019ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம், அதாவது சட்டம் 815. 2019 டிசம்பர் 27 முதல் அது நடப்பில் இருக்கிறது. பதிவைக் கையாள்வது மைஐபோ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம். அலுவலகம் பெட்டாலிங் ஜெயாவில் இருந்தாலும் மனுவை இணையத்திலேயே போடலாம். பட்டர்வொர்த்தில் இருப்பவர் இதற்காகப் பஸ் ஏற வேண்டியதில்லை.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: உரிமையாளர் யார்?

சியர்லீடிங் ஜிம்களில் பல, பள்ளிக் காலத்துக் குழுத் தோழர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தொடங்குபவை. ஒருவர் பயிற்சி கொடுப்பார், ஒருவர் கணக்கு பார்ப்பார், கை வந்தவர் லோகோ வரைவார். சின்னம் யார் பெயரில் இருக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் யாரும் பேசுவதில்லை. மனுவில் மனுதாரர் என்ற இடத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். தனிநபர் வணிகத்தைச் சட்டம் தனி ஆளாகப் பார்ப்பதில்லை. அங்கே சின்னம் உரிமையாளரின் சொந்தப் பெயரில் போகும். நிறுவனம் இருந்தால் நிறுவனத்தின் பெயரிலேயே மனுச் செய்யுங்கள். அவசரத்தில் தலைமைப் பயிற்றுநர் பெயரில் போட்டுவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து அவர் பாதிக் குழுவைக் கூட்டிக்கொண்டு பிரிந்து போனால், சட்டப்படி பெயரும் அவரோடு போகிறது. திரும்ப வாங்க அவர் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் பத்திரம் வேண்டும். அவர் மறுத்தால் வழக்குதான்.

லோகோவுக்குள் இன்னோர் உரிமையும் இருக்கிறது. வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தானாகவே வந்துவிடும், பதிய வேண்டியதில்லை. காசு கொடுத்து ஒருவரை வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, உரிமை வரையச் சொன்னவருக்கே மாறியதாக மலேசியச் சட்டம் கொள்கிறது. பல நாடுகளில் இதற்கு நேர்மாறு. ஆனால் வாட்ஸ்அப்பில் “ஒரு லோகோ போட்டுக் கொடு தம்பி” என்று கேட்டு, பதிலுக்கு ஒரு மாதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ததெல்லாம் முறையான வேலை ஒப்படைப்பு என்று பின்னால் நிரூபிப்பது கஷ்டம். ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்தப் படம், எவ்வளவு தொகை, எல்லா உரிமையும் இன்னாருக்கு, தேதி, இருவர் கையெழுத்து. வரைந்தவரிடமிருந்து மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

கேன்வா போன்ற தளங்களில் உள்ள ஆயத்த வார்ப்புருவில் லோகோ செய்தவர்கள் அங்கேயே நிற்க வேண்டும். அந்தப் பொம்பொம் (கையில் பிடித்து ஆட்டும் குஞ்சம்) படத்தையோ தாவும் பெண் உருவத்தையோ உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதை வைத்துச் சின்னம் பதிய அத்தளங்களின் விதிகளே இடம் தருவதில்லை. பதியும் முன் புதிதாக வரைவது மலிவு.

எந்தப் பெயர் தேறும், எது தேறாது

சட்டத்தின் 23ஆம் பிரிவு, சேவையை அப்படியே விவரிக்கும் பெயர்களை மறுக்கிறது. ‘பினாங்கு சியர் அகாடமி’ போன்ற பெயரில் ஊர், விளையாட்டு, இடத்தின் தன்மை மூன்றும் இருக்கின்றன. அடையாளம் என்று ஒன்றுமில்லை. ஸ்டார்ஸ், எலீட், ஆல் ஸ்டார்ஸ் போன்றவை சியர் உலகத்தில் எல்லாரும் புழங்கும் சொற்கள். அவற்றோடு வேறெங்கும் இல்லாத ஒரு சொல் சேர்ந்தால்தான் பெயருக்கு உயிர் வரும். தேசியக் கொடி, அரசு முத்திரை, அரச கிரீடம், ஆசியான் சின்னம் இவற்றைத் தொடாதீர்கள். வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் ஆர்வத்தில் செம்பருத்தியை லோகோவில் வைப்பவர்கள் உண்டு. தேசிய மலரும் இந்தத் தொல்லையில்தான் சேரும்.

லோகோவில் தமிழ் எழுத்து இருந்தால் தடையில்லை. ஆனால் மனுவில் அதன் உச்சரிப்பை ரோமன் எழுத்திலும், பொருளை மலாயிலோ ஆங்கிலத்திலோ கொடுக்க வேண்டும். ‘வேங்கை’ என்று தமிழில் எழுதியதால் ஏற்கெனவே புலி பெயரில் பதிந்தவரோடு மோதாது என்று எண்ண வேண்டாம். அதிகாரி பொருளையும் பார்க்கிறார்.

தேடல் இதனால்தான் முக்கியம். மைஐபோவின் இணையத் தேடலிலும் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் சின்னத் தரவுத்தளத்திலும் செலவில்லாமல் தேடலாம். பெயரை அப்படியே தட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஒலி ஒத்தவை, எழுத்து மாறியவை, அதே பொருள் தரும் மலாய்ச் சொல், லோகோவில் உள்ள விலங்கு எல்லாவற்றையும் தேட வேண்டும்.

பிரிவுகளும் காசும்

சின்னம் பதிவது எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக அல்ல. பொருள், சேவைப் பிரிவு வாரியாக. மொத்தம் 45 பிரிவுகள். பயிற்சி, விளையாட்டு, போட்டி நடத்துதல் 41இல் வரும். ஜிம்முக்கு இதுதான் உயிர்நாடி. சீருடை, டி-சர்ட், காலணி 25இல். ஜிம்னாஸ்டிக் சாதனங்களும் பொம்பொம்களும் 28இல். தோள்பை 18இல், தண்ணீர்ப் போத்தல் 21இல்.

கட்டணம் ஒரு பிரிவுக்கு 950 ரிங்கிட். மைஐபோ முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட பட்டியலிலிருந்து விவரணையைத் தேர்ந்தெடுத்தால்தான் இந்தத் தொகை. சொந்தமாக எழுதினால் 1,100. 41உம் 25உம் என்றால் பட்டியல் வழியில் 1,900 ரிங்கிட். சியர்லீடிங் என்ற சொல் கிடைக்கவில்லை என்று சொந்தமாக எழுதிக் கூடுதல் காசு கட்டுவதைவிட, விளையாட்டுப் பயிற்சி, ஜிம்னாஸ்டிக் பயிற்சி, நடனப் பயிற்சி, விளையாட்டுப் போட்டி ஏற்பாடு ஆகியவற்றைப் பட்டியலிலிருந்தே எடுத்தால் நீங்கள் செய்வது எல்லாம் அடங்கிவிடும். மனுப் போடும் நாளில் கட்டணப் பட்டியலை ஒருமுறை சரிபாருங்கள்.

கையில் காசு ஒரு பிரிவுக்குத்தான் என்றால் 41, வேறு யோசனையே வேண்டாம். பெயர், லோகோ இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் பெயரை வெறும் எழுத்தாகப் பதியுங்கள். லோகோ ஐந்து ஆண்டில் மாறும், பெயர் மாறாது. இரண்டையும் ஒட்டி ஒரே படமாகப் பதிபவர்கள், பெயரை மட்டும் ஒருவர் எடுத்துக்கொள்ளும்போது பலவீனமான நிலையில் நிற்கிறார்கள்.

தேவையில்லாத பிரிவுகளையும் சேர்த்துப் பதியும் பேராசையும் ஆகாது. பதிவு அறிவிப்பு கிடைத்து மூன்று ஆண்டுக்குள் பயன்படுத்தாத பிரிவை நீக்கும்படி அதனால் பாதிக்கப்படுபவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

மனு போகும் வழி

மைஐபோவின் இணைய வாசலில் கணக்குத் திறந்து டிஎம்ஏ2 படிவத்தை நிரப்ப வேண்டும். மலேசியாவில் வசிப்பவர் முகவர் இல்லாமல் தாமே செய்யலாம். தேவைப்படுவன: மனுதாரர் விவரம், தெளிவான சின்னப் படம், பிரிவுகள், எழுத்துப்பெயர்ப்பும் மொழிபெயர்ப்பும், கட்டணம். சின்னப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் கொடுப்பது வழக்கம். சீருடை நிறம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஜிம்முக்கு அதுவே பொருத்தம்.

அனுப்பிய பின் படத்தைத் திருத்தவோ பிரிவைச் சேர்க்கவோ வழியில்லை. புது மனு, புதுக் கட்டணம். மறுக்கப்பட்டாலும் காசு திரும்பாது.

அதிகாரிக்கு ஆட்சேபம் இருந்தால் தற்காலிக மறுப்பு அறிவிப்பு வரும். பதிலளிக்க இரண்டு மாதம். பல மனுக்கள் இங்கேதான் செத்துப்போகின்றன: அறிவிப்பு யாரும் திறக்காத மின்னஞ்சலுக்குப் போயிருக்கும். ஏற்கப்பட்ட சின்னம் அதிகாரப்பூர்வ இதழில் வெளியாகும். மற்றவர்கள் எதிர்க்க இரண்டு மாத அவகாசம். எதிர்ப்பு இல்லாவிட்டால் பதிவு. ஓராண்டுக்கு மேல் ஆனாலும் ஆச்சரியப்பட வேண்டாம். பாதுகாப்போ, மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகிறது.

காத்திருக்கும் காலத்தில் பெயருக்குப் பக்கத்தில் டிஎம் (வணிகச் சின்னம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) போடலாம். பதிந்த சின்னத்தைக் குறிக்கும், வட்டத்துக்குள் உள்ள ஆர் போடக் கூடாது. பதியாத சின்னத்தைப் பதிந்தது போல் காட்டுவது குற்றம்.

யாராவது நகல் எடுத்தால்

கோபத்தில் முதலில் முகநூலில் எழுதிவிடாதீர்கள். பக்கத்தின் முகவரியும் தேதியும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுங்கள். போலி டி-சர்ட் விற்றால் ஒன்றை ரசீதோடு வாங்கி வையுங்கள். இன்ஸ்டாகிராம், முகநூல் புகார்ப் படிவங்கள் பதிவு எண்ணைக் கேட்கும். எண் இருந்தால் வேலை எளிது. போலிப் பொருள் விற்பனையை உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவிடம் புகார் செய்யலாம். பெயர் மீறலுக்கு உயர் நீதிமன்றம்.

பதிவு வரும் முன் வக்கீல் கடிதம் அனுப்பி மிரட்டுவதில் ஆபத்து உண்டு. ஆதாரமற்ற மிரட்டல் என்று, குறிப்பாகப் பொருளை வாங்கி விற்கும் கடைக்காரர், உங்கள் மேலேயே வழக்குத் தொடர வணிகச் சின்னச் சட்டத்தின் 61ஆம் பிரிவு வழி விடுகிறது. பதிவே இல்லாதவருக்கு, ஏய்த்து விற்றல், அதாவது உங்கள் பெயரைத் தன்னுடையதுபோல் காட்டி வாடிக்கையாளரை ஏமாற்றுதல் என்ற பொதுச் சட்ட வழக்கு இருக்கிறது. அதில் உங்கள் பெயருக்கு ஏற்கெனவே மதிப்பு இருந்தது என்று கட்டண ரசீது, போட்டிச் சான்றிதழ், பழைய விளம்பரம் எல்லாம் காட்டி நிரூபிக்க வேண்டும். அந்தக் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். எதிராளி உங்களுக்கு முன்பிருந்தே நேர்மையாக அப்பெயரைப் பயன்படுத்தி வந்திருந்தால், பதிவு இருந்தும் அவரை நிறுத்த இயலாமல் போகலாம்.

மலேசியப் பதிவு ஜொகூர் பாலம் வரைதான். சிங்கப்பூரில் கிளை திறப்பவர் அங்கே தனியாகவோ ஒரே மனுவில் பல நாடுகளில் பதிய உதவும் மெட்ரிட் முறை வழியாகவோ பதிய வேண்டும்.

பெயர்ப்பலகையும் பிள்ளைகள் படமும்

பலகைக்கு டி.பி.கே.எல். எனப்படும் கோலாலம்பூர் மாநகர் மன்றத்திடமோ பினாங்கு மாநகர் மன்றத்திடமோ விளம்பர உரிமம் தனியாக வேண்டும். தேசிய மொழிக்கே முதலிடம். ‘புசாட் லாத்திஹான் சுக்கான் சோராக்’ (சியர்லீடிங் விளையாட்டுப் பயிற்சி மையம்) என்ற மலாய் வரியைப் பெரிதாகச் சேர்த்தாலும் பதிந்த பெயரையும் லோகோவையும் சிதைக்காமல் வையுங்கள்.

மாணவர் படம் தனிநபர் தரவு. 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் தேவை. தரவு அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தமிழில் ஒரு பிரதியும் கொடுத்தால் பாட்டிமார் படித்துக் கையெழுத்திடுவார்கள், ஆனால் அது மட்டும் போதாது. பயிற்சிக்குச் சம்மதம் வேறு, விளம்பரத்தில் படம் போடச் சம்மதம் வேறு. படிவத்தில் இரண்டு தனிப் பெட்டிகளாக வையுங்கள்.

பதிவு பத்து ஆண்டுக்கு. புதுப்பிக்கப் பிரிவுக்கு 1,000 ரிங்கிட். காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே கட்டலாம், பிந்தினால் ஆறு மாதம் வரை அபராதத்தோடு. முகவர் மூலம் பதிந்தவர்களுக்கு நினைவூட்டல் முகவருக்கே போகும், ஆகவே தேதியை நிறுவனக் கணக்கரிடமும் எழுதிக் கொடுங்கள்.