எக்ஸ்பான்சின்: தமிழில் எப்படிச் சொல்வது?

தாவரச் செல்லின் சுவரை இளக்கிவிடும் புரதம்தான் எக்ஸ்பான்சின். 'விரித்தல்' என்று பொருள்படும் 'எக்ஸ்பாண்டரே' என்ற லத்தீன் வினையும், புரதப் பெயர்களில் வழக்கமாக வரும் 'இன்' விகுதியும் சேர்ந்து பிறந்த பெயர் இது.

1992-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேனியல் காஸ்குரோவும் சைமன் மெக்வீன்-மேசனும் வெள்ளரி நாற்றில் இதைக் கண்டறிந்தார்கள். நாற்றின் இளந்தண்டை உறையவைத்துச் செல்களைக் கொன்றுவிட்டு, அமிலக் கரைசலில் வைத்து இழுத்தால், செத்த தண்டும் மெல்ல நீளும். கொதிநீரில் முக்கி எடுத்தால் நீளாது. உயிருள்ள நாற்றின் சுவரிலிருந்து எடுத்த புரதத்தை அதில் சேர்த்ததும் மறுபடி நீண்டது!

செல்சுவரில் செல்லுலோஸ் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. எக்ஸ்பான்சின் அவற்றை வெட்டுவதில்லை. ஒட்டுதலை மட்டும் தளர்த்துகிறது. ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தூண்டினால் செல் புரோட்டான்களை வெளியே தள்ளும், சுவர் அமிலமாகும், எக்ஸ்பான்சினும் வேலையைத் தொடங்கும். பிறகு செல்லை உப்பவைப்பது விறைப்பழுத்தம், அதாவது உள்ளே இருக்கும் நீர் சுவரைத் தள்ளும் அழுத்தம். அது கார் டயரின் காற்றழுத்தத்தைவிட இரண்டு மூன்று மடங்குகூட இருக்கும். இழைகள் செல்லைச் சுற்றி வளையமாக ஓடினால், செல் பருக்காமல் நீளும்.

உறுப்பின் உருவத்திலும் இதற்குப் பங்குண்டு. எக்ஸ்பான்சினில் ஊறிய நுண்மணிகளைத் தக்காளிச் செடியின் நுனிக்குருத்தில் வைத்தபோது, அந்த இடத்தில் இலை போன்ற புடைப்பு கிளம்பியதாக 1997-ல் ஒரு ஆய்வு காட்டியது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'விரிவாக்கி' என்பது நேர் பெயர்ப்பு. ஆனால் விரிக்கிற வேலை அழுத்தத்துடையது. புரதம் வழிவிடுகிறது, அவ்வளவுதான். தக்காளி பழுக்கும்போதும் ஒரு எக்ஸ்பான்சின் சுரக்கிறது. அப்போது பழம் வளர்வதில்லை, மென்மையாகிறது. புல் மகரந்தத்திலும் இந்த இனப் புரதம் உண்டு. சூலகத்தண்டின் செல்சுவர்களை இளக்கி மகரந்தக் குழாய்க்குப் பாதை விடுவது அதன் வேலை என்று கருதுகிறார்கள். சிலருக்கு ஒவ்வாமை தருவதும் அதுவே. இங்கெல்லாம் 'விரிவாக்கி' பொருந்தாது.

அதனால் 'சுவர்நெகிழ்த்தி' என்பதே என் தேர்வு. பாடநூலில் முதல் முறை வரும்போது 'சுவர்நெகிழ்த்திப் புரதம்' என்று எழுதி, பக்கத்தில் எக்ஸ்பான்சின் என்றும் போட்டுவிடலாம். இலங்கையில் செல்லைக் கலம் என்பார்கள். 'செல்' என்ற சொல் இதில் இல்லாததால், அங்கேயும் இந்தச் சொல் மாறாமல் நிற்கும்.